லாம் மேடம்

வானம் கருத்து, மேற்கு மலை முழுசாய் மறைந்து, தெருவில் போகிறவர்கள் செல்போனை பிளாஸ்டிக் உறைக்குள் திணித்துக்கொண்டு ஓடத் தொடங்கி, முதல் துளி மூக்கு நுனியில் விழுந்த பிறகும், “மழை வருமா மேடம்?” என்று கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்.

“வரலாம்.”

வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வராது என்றும் சொன்னதில்லை. பால் பொங்குமா, பொங்கலாம். கடைக்குப் போன ஆள் திரும்பியிருப்பாரா, திரும்பியிருக்கலாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே மேடம் என்று ஒரு மாணவி வம்புக்குக் கேட்டபோதுகூட, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்றாராம். கல்லூரிப் பிள்ளைகள் அவருக்கு லாம் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. “கூப்பிடலாமே, தப்பில்ல” என்றிருக்கிறார்.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். பை நிறையக் கத்தரிக்காய் விதைப் பொட்டலம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அவரிடம் கேட்டார், “ஏம்மா, இது சுரண்டை போகுமா?”

“போகலாம். கண்டக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.”

“போர்டுலயே சுரண்டைன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கே. படிச்ச புள்ள மாதிரி இருக்க, எழுத்துக்கூட்டத் தெரியாதா?”

“போர்டு முந்தின ட்ரிப்புக்கு மாட்டுனதா இருக்கலாம் அய்யா.”

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பேருந்து நகர்ந்து, சுரண்டைக்கு எதிர்த்திசையில் செங்கோட்டைச் சாலைப் பக்கம் திரும்பி நின்றது. பெரியவர் விதைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, எங்களைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்கிற மினுக்கம் அந்த முகத்தில் நான் எப்போதும் பார்த்ததில்லை. சரியாகச் சொல்லிவிடுவதில் அவருக்கு ஒரு பயம் இருந்ததென்றே அப்போது நினைத்தேன்.

தென்காசிப் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டா மாற்ற மனு, ஆய்வேடு, எல்லாம் ஒரே விசைப்பலகை, ஒரே பத்து விரல். கோபுர வாசல் காற்று கடைக்குள் நுழைந்து தாள்களைக் கலைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு கட்டின் மேலும் ஆற்றுக்கல் ஒன்று வைத்திருப்பேன். மேடத்தின் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று தனிக் கல் உண்டு. அவர் தாவரவியல் பேராசிரியை. நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தார். கீழே நானும் என் மனைவியும்.

அவர் ஆராய்ந்தது கடல்பாசியை. கூடவே வல்லாரை, நீர்ப்பிரமி. மனச்சோர்வு கொண்ட மனிதனுக்கு அவற்றின் சாறு ஏதாவது செய்யுமா என்பது அவருடைய கேள்வி. வல்லாரைக்குக் குற்றாலத்து ஓடைக்கரை இருந்தது. பாசிக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் வரை போக வேண்டும். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற பெண்களோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு, சாக்கு மூட்டைகளோடு வருவார். வெயிலில் காயப்போட்டால் உள்ளே இருக்கிற சத்து கெட்டுவிடுமாம். நிழலில்தான் உலர்த்த வேண்டும். எங்கள் ஊரிலோ சாரல் நாட்களில் துவைத்த உள்பாடிகூட மூன்று நாள் காயாது. அந்த ஊரில் அவர் கடலைக் காயப்போடப் பார்த்தார். மாடிக் கொட்டகைக்குள் கயிறு கட்டி, மின்விசிறி வைத்து, பழுப்புப் பாசியைத் தலைமுடி போலத் தொங்கவிட்டிருப்பார். படிக்கட்டு வழியாக வாடை இறங்கி எங்கள் சோற்றுக்குள் வந்து உட்காரும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முட்டை ஓட்டைக்கூடத் தெருவில் பார்த்தால் சுற்றிப் போகிறவர். ஒருநாள் முற்றத்தில் நின்று அண்ணாந்து குரல் கொடுத்தார்.

“என்ன டீச்சர், கருவாடு காயப்போட்டிருக்கியளா? கோயில் பக்கத்துல இருந்துட்டு நல்லாவா இருக்கு?”

“கருவாடு இல்ல சார். செடி மாதிரிதான். சைவம்.”

“சைவமா?”

“சைவம்னு சொல்லலாம்.”

“அதென்ன சொல்லலாம்? சைவந்தானா, இல்லியா?”

“ஒட்டிக்கிட்டு வந்த நத்தை ரெண்டு இருந்திருக்கலாம் சார்.”

அன்றைக்கு எங்கள் சமையலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி சிரித்தாள். நான் கையில் வைத்திருந்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டு அந்தச் சிரிப்பு முடியும்வரை அசையாமல் நின்றேன். ஏனென்றால் அவள் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு அந்தச் சோர்வு வந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. காரணம் கேட்டு அவளைக் குடைந்தவர்கள் எத்தனையோ பேர், முதல் ஆள் நான். கூரையில் ஓட்டை இருந்தால் அடைக்கலாம். இது சுவரே நனைவது மாதிரி. தலை வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் வெகுதூரத்திலிருந்து நடந்து வருவதுபோல ஒரு “ம்” மட்டும் வரும். திருநெல்வேலியில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். சொந்தக்காரர்களிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்தேன். என் நாக்கு அந்தப் பொய்க்குப் பழகிவிட்டது, அவளிடமே ஒருமுறை “தைராய்டு மாத்திரை போட்டியா” என்று கேட்கும் அளவுக்கு. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதனாலும் மூட முடியவில்லை இன்றுவரை.

நத்தைச் சிரிப்புக்கு மறுநாள் அவளே மாடிக்குப் போனாள். பாசியில் சிக்கிய மணலையும் சிப்பித் துண்டுகளையும் பொறுக்கிப் போடும் வேலையை மேடம் அவளுக்குக் கொடுத்திருந்தார். ஒன்றின் பெயர் கட்டக்கோரை. இன்னொன்று பக்கோடா பாசி, முறுக்கிக்கொண்டு மொறுமொறுவென்று இருப்பதால் முங்கிப் பெண்கள் வைத்த பெயராம். “பக்கோடாவாம்ல அத்தான்!” என்று கீழே வந்து சொன்னாள். அந்த மாதம் தலை வாரினாள். ஒருநாள் குழம்புகூட வைத்தாள். படிக்கட்டில் மேடத்தை மறித்துக் கேட்டேன்.

“பாசி வாடையிலதான் இவளுக்கு இப்படி ஆகுதோ மேடம்?”

“இருக்கலாம். கையில வேல இருக்கதுனால இருக்கலாம். என்கூடப் பேசுததுனால இருக்கலாம். மாத்திரை இப்பத்தான் புடிக்க ஆரம்பிச்சிருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி.”

எனக்கு ஒரே ஒரு விடை போதும். அவர் நான்கைக் கொண்டுவந்து காலடியில் பரப்பினார்.

அந்த வருடம் அவருடைய பெரிய கட்டுரை ஒன்று என் கடையில் தயாரானது. மருந்தியல் கல்லூரி ஒன்றின் எலிக்கூடத்தில் எடுத்த வீடியோவை பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து ஒரு நிழற்படம் வெட்டி எடுக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். வெள்ளைச் சுண்டெலி ஒன்று உள்ளே. நான்கு காலாலும் கண்ணாடியைப் பிறாண்டி, சுற்றிச் சுற்றி நீந்தி, முங்கி, எழுந்து, மறுபடி பிறாண்டி, பிறகு சட்டென்று நின்றுவிட்டது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே.

“இங்கன நிறுத்துங்க. இதான் வேணும்.”

“செத்துப்போச்சா மேடம்?”

“இல்ல இல்ல. மிதக்குது. கொஞ்ச நேரத்துல தூக்கித் துண்டால தொடச்சி, விளக்குச் சூட்டுல வச்சிருவோம்.”

“அப்ப இதுல என்னத்தப் பாக்கிய?”

“எம்புட்டு நேரம் அசையாமக் கிடக்குன்னு. சாறு குடிச்ச எலி கூடக் கொஞ்ச நேரம் நீந்துதான்னு பாக்கோம்.”

படத்துக்குக் கீழே ஒரு வரி போட வேண்டும். என் விரல் தானாகவே ‘நம்பிக்கை இழந்த எலி’ என்று அடித்தது. அவர் திரையைப் பார்த்தார். முதன்முறையாக அவர் குரல் கடுத்தது.

“நம்பிக்க இழந்துட்டேன்னு அது உங்ககிட்ட வந்து சொல்லிச்சா அண்ணாச்சி? அசையல. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அசைவற்ற நிலைன்னு போடுங்க.” பிறகு தணிந்து, “பெலத்த மிச்சம் புடிக்குததாவும் இருக்கலாம். வெளிய போக வழியில்லன்னு தெரிஞ்சபிறகு நீந்திக்கிட்டே கிடக்கது மட்டும் புத்தியா?”

நான் அழித்துவிட்டு ‘அசைவற்ற நிலை’ என்று அடித்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழம்பு வைத்த மாதம் முடிந்திருந்தது.

அந்த வாரம்தான் நான் மாடிக்குப் போய்க் கை நீட்டினேன். அரைத்த பாசிப்பொடி கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருந்தது.

“ஒரு ஸ்பூன் மேடம். ஒரே ஒரு ஸ்பூன்.”

“அதுல என்னெல்லாம் இருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது. அயோடின் இருக்கு, உப்பு இருக்கு. உடம்புக்கு ஆகாத உலோகம் ஏதாவதும் இருக்கலாம். அவ சாப்பிடுத மாத்திரையோட சேந்தா என்ன செய்யும்னு தெரியாது. எலிக்கே நான் லாம்தான் போட்டிருக்கேன் அண்ணாச்சி. தங்கச்சிக்கு அந்த லாம்கூடப் போட முடியாது.”

“அப்ப என்னத்துக்கு இத்தன வருசமா இந்த நாத்தத்த மாடியில தொங்கப்போட்டிருக்கிய?”

கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமாகக் கேட்டோம் என்று உறைத்தது. அவர் ஜாடியின் மூடியை இறுக்கினார்.

“தெரிஞ்சிக்கிடலாம்னுதான்.”

அவ்வளவுதான் சண்டை. படி இறங்கும்போது அந்த ஒரு சொல்லை நான் வெறுத்தேன். மனிதர்கள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது கரையில் நின்று நீந்தலாம், கரை இருக்கலாம் என்று சொல்கிறவரை எப்படித்தான் மன்னிப்பது என்று பொருமினேன்.

கோடை விடுமுறை வந்தது. ஒரு மாதம் மண்டபத்தில் தங்கப் போவதாகச் சொல்லி, மேடம் மாடிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார், மின்விசிறியைப் பார்த்துக்கொள்ள. கல்லூரியில் சேர்க்கை நேரம். சேர வரும் பெற்றோர் கையில் கொடுக்க ஒவ்வொரு துறையும் தமிழில் ஒரு துண்டறிக்கை தர வேண்டும். தாவரவியல் துறைக்கு மேடம் எழுதி என்னிடம் தந்திருந்தார். வழக்கமாக மூன்று முறை பிழை பார்ப்பவர், அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் படிக்கட்டில் நின்றபடியே சொன்னார்: “அச்சுக்குக் குடுத்துருங்க அண்ணாச்சி. உங்க கண்ண எனக்குத் தெரியும்.”

ஒரு ஏ4 தாளில் இரண்டு துண்டறிக்கை. நடுவில் வெட்டினால் அரைத்தாள். அந்த அரைத்தாளுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மேடத்தின் வாக்கியம் இப்படி இருந்தது: ‘எலிகளில் செய்த முதற்கட்டச் சோதனைகளின்படி, கடல்பாசிச் சாறும் வல்லாரைச் சாறும் மனச்சோர்வைத் தணிக்கலாம். மனிதர்களுக்கு இது பொருந்துமா என்பது இன்னும் தெரியவில்லை.’

கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியது. எழுத்தின் அளவைக் குறைத்தேன், ஓடியது. ஓரங்களைச் சுருக்கினேன், ஓடியது. அந்த வரியை வெட்டினேன். பிறகும் ஒரு சொல் கீழே தொங்கியது. ‘எலிகளில் செய்த முதற்கட்டச் சோதனைகளின்படி’யை வெட்டினேன். இப்போது இடம் தாராளமாக இருந்தது. இதற்கு மேல் எதையும் தொட வேண்டிய தேவை இல்லை. ஆனால் என் விரல் தணிக்கலாம் என்ற சொல்லின் மேல் நின்றது. கோபுர வாசல் காற்று உள்ளே வந்து ஆற்றுக்கல்லுக்கு அடியில் தாளைப் படபடக்க வைத்தது. வெள்ளைத் திரையில் அந்த லா காலை நீட்டிக்கொண்டு, வாசலில் குறுக்கே உட்கார்ந்திருக்கிற ஆளைப் போல, போகவும் விடாமல் வரவும் விடாமல் இருந்தது. அதை எடுத்தேன்.

‘கடல்பாசிச் சாறும் வல்லாரைச் சாறும் மனச்சோர்வைத் தணிக்கும்.’

அடியில் மேடத்தின் பெயர். ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். எவ்வளவு அழகான வாக்கியம். தணிக்கும். என் வீட்டில் விளக்கேற்றியது மாதிரி இருந்தது. யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தச் சொல்லை ஒருமுறை அச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மீந்த பிரதிகள் ஒரு கட்டு வீட்டுக்கு வந்தன. அடுப்படி அலமாரியில் விரிக்க என் மனைவி ஒன்றை எடுத்திருக்கிறாள்.

அடுத்து வந்த வாரங்கள் நன்றாக இருந்தன, அதைத்தான் சொல்ல முடியவில்லை. அவள் தினமும் மாடிக்குப் போனாள். மின்விசிறி பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். குப்பைக் கூடையில் காலியான மாத்திரைப் பட்டைகள் ஒழுங்காக விழுந்தன. முகத்தில் ஒரு தெளிவு, முடிவெடுத்துவிட்டவர்களுக்கு வருமே, அது. சாரல் தொடங்கிய அன்று காலை அவளே சொன்னாள், “குத்தாலம் போயி ஒரு முங்கு முங்கிட்டு வாரேன் அத்தான்.” தனியாக வெளியே போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நான் குதூகலத்தோடு பேருந்து ஏற்றிவிட்டு, கடைக்கு வந்து, வாடிக்கையாளர்களிடம் தேவைக்கு அதிகமாகப் பேசினேன்.

மதியம் போலீஸ் உதவி மையத்திலிருந்து பேசினார்கள். பேரருவியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சங்கு ஊதி எல்லாரையும் வெளியேற்றியிருக்கிறார்கள். பெண்கள் பக்கம் காலியாகிவிட்டது. ஒருத்தி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“விசில ஊதுதோம், கத்துதோம், திரும்பிக்கூடப் பாக்கல சார். தண்ணி வேற செம்மண்ணா வந்துட்டு. நாங்க ரெண்டு பேரு உள்ள போயி விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சித் தூக்கிட்டு வந்தோம்” என்றார், நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெண் காவலர். அவர் சீருடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “வீட்டுல என்னமும் சண்டையா?”

நான் இல்லை என்றேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் கம்பளிக்குள் கிடந்தாள். உதடு வெளுத்து, முடியில் மணல். குனிந்து கேட்டேன், “சாகணும்னா நின்ன?”

கம்பளியை இழுத்துக்கொண்டு, “தெரியல அத்தான். வெளிய வரணும்னு தோணல.”

மாத்திரையை நிறுத்தி இருபது நாளைக்கு மேல் ஆகியிருந்தது. பட்டையிலிருந்து பிதுக்கிச் சன்னலுக்கு வெளியே போட்டிருக்கிறாள். மாடியிலிருந்து பாசிப்பொடி எடுத்து வெந்நீரில் கலந்து குடித்திருக்கிறாள். ஏன் என்று கேட்டபோது, பர்ஸிலிருந்து நான்காக மடித்த அரைத்தாளை எடுத்துத் தந்தாள். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது.

“மேடம் லாம் போடாம எழுதுனது இது ஒண்ணுதான. அப்ப அது நெசமாத்தான இருக்கும்?”

போனில் சொன்னதும் கிளம்பி, அன்று இரவே மேடம் வந்தார். மண்டபத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு, தோளில் பை, பையில் கடல் வாடை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முடியிலிருந்த மணலைப் பொறுக்கினார், பாசியில் பொறுக்குவதைப் போல. அவள் அந்தத் தாளைக் காட்டினாள். படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார். எழுந்து வராந்தாவுக்கு வந்தார். நானும் போனேன்.

“நான் எழுதிக் குடுத்த பைல்ல லாம் இருக்கு அண்ணாச்சி.”

“கை தவறிட்டு மேடம்.”

“கடைசி வரி?”

“இடம் பத்தல.”

“எலி?”

நான் தரையைப் பார்த்தேன். யாரோ இட்டிலி கொண்டுவந்த தூக்குச்சட்டியின் சத்தம் எங்களைக் கடந்து போயிற்று. அவர் என்னை நன்றாகப் பார்த்தார். தெரிந்த முகம் அது. எல்லாம் தெரிந்த முகம்.

“தவறியிருக்கலாம்” என்றார்.

மறுவாரம் அவர் செய்த காரியத்தை இந்த ஊரில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து முகவரிகளை எழுதிக்கொண்டு, துண்டறிக்கை வாங்கிப் போன ஒவ்வொரு வீடாகப் போனார். நீலப் பேனாவால் ‘கும்’மை அடித்து மேலே ‘கலாம்’ என்று எழுதினார். விட்டுப்போன இரண்டு வரிகளையும் ஓரத்தில் எழுதினார். எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, அவளுடைய அக்கா துணைக்கு வந்தபின், இரண்டு நாள் நானும் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். வாருங்கள் என்றும் மேடம் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாசுதேவநல்லூரில் ஒரு வீடு. ஓட்டுச் சாய்ப்பிலிருந்து தண்ணீர் ஒழுக, ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்தார். அவருக்குப் பின்னால் அறையின் இருட்டில் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. துண்டறிக்கை சாமி படத்துக்குக் கீழே செருகப்பட்டிருந்தது.

“பாசிக்கு ராமேஸ்வரத்துல ஆளு சொல்லியிருக்கேன் டீச்சர். நாள மறுநா வந்துரும். எம்மவன் மூணு வருசமா இப்படித்தான் கிடக்கான். இதுல நீங்க போட்டிருக்கத வாசிச்சபொறவுதான் நான் தூங்குனேன்.”

மேடம் அதை வாங்கி, சுவரில் வைத்து, எழுதினார். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக முகம் இறங்குவதை நான் பார்த்தேன்.

“முன்னாலயே இதப் போட்டிருக்கக் கூடாதா? அச்சடிக்கும்போது உறங்கிட்டியளா?”

“என் தப்புதாம்மா. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க.”

நான் குடையை மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன்.

திரும்பும் பேருந்தில் அவராகவே பேசினார், சன்னல் பக்கம் பார்த்தபடி. அவருடைய ஊரும் வாசுதேவநல்லூர்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணன் போலீஸில் இருந்தாராம். ஒருநாள் ட்யூட்டிக்குப் போகாமல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். குற்றாலத்தில் மூலிகை விற்கிற ஒருவர், ஒரு மண்டலம் இந்தச் சூரணத்தைச் சாப்பிட்டால் சரியாகிவிடும், அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு என்றார்.

“சரியாகும்னாரு. அப்பிடி அடிச்சிச் சொன்ன ஒரே ஆளு அவருதான். டாக்டருகூடப் பாப்போம்னுதான சொன்னாரு. நாங்க அவர நம்புனோம்.”

“அண்ணன் இப்போ?”

அவர் சன்னல் கண்ணாடியைத் துடைத்தார். “சூரணத்துல ஏதாவது இருந்திருக்கலாம். அதத் தெரியாமலே போயிட்டு பாருங்க. அதான்.”

கல்லூரி முதல்வர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோர் சிலர் புகார் எழுதியிருந்தார்கள். மேசை மேல் துண்டறிக்கை கிடந்தது. “இத எழுதுனது யாரு, மாத்துனது யாரு?” என்றார் முதல்வர். என் தொண்டையில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பிழையில்லாத, அச்சுக்குப் போகக்கூடிய வாக்கியம். அது வெளியே வருவதற்குள் மேடம் பேசினார்.

“தட்டச்சுல விட்டுப்போயிருக்கலாம் சார். பிழை திருத்த வேண்டியது நான். திருத்தல.”

அவருடைய ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். எலிக்கூடத்துக்கான அனுமதியும் ரத்தாயிற்று. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு, கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றபோது என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழையபடி மாத்திரை, பழையபடி சுவர். அவள் உள்ளே போனதும் கேட்டேன்.

“இவ சரியாயிருவாளா மேடம்? எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு தடவையாவது, எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக, ஒரு சின்னப் பொய். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

“ஆகலாம் அண்ணாச்சி” என்றார்.

மாடிக் கொட்டகையில் இப்போது வேறு ஆள் துணி காயப்போடுகிறார். பாசி வாடை கயிற்றில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. துண்டறிக்கையில் அந்தச் சொல்லை யார் மாற்றியது என்பதை என் மனைவியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. மாத்திரை டப்பாவுக்குள் அவள் அந்த அரைத்தாளை மடித்து வைத்திருக்கிறாள், நீல மையில் திருத்தியதை. தினமும் மாத்திரை எடுக்கும்போது அது அவள் விரலில் படுகிறது. சில வாரங்கள் நன்றாகப் போகின்றன. சில வாரங்கள் போவதில்லை. டாக்டர் மருந்தை ஒருமுறை மாற்றினார். ஏன் என்று கேட்டால் இதற்கு நோய் கேட்கலாம் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இந்த வருடம் சாரல் முன்கூட்டியே இறங்கிவிட்டது. இன்று காலை மலை தெரியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அருவிப் பக்கம் போனதே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

“ஏட்டி, குத்தாலம் போவோமா? குளிக்க வேண்டாம். சும்மா தூரத்துல நின்னு பாத்துட்டு வருவோம்.”

எங்கள் பக்கம் போவோம் என்றுதான் சொல்வது. போலாம் என்பது மதுரைக்கு வடக்கே உள்ளவர்களின் பேச்சு என்று அவளே முன்பு கேலி செய்திருக்கிறாள். அவள் மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. 

“போலாம்” என்றாள்.

நான் குடையை எடுத்துவைத்தேன். கதவைத் திறந்துவைத்தேன். செருப்பை அவள் காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.